டம்ளர் தட்டியவர்

ஸ்பீக்கருக்குக் காது வைத்த வருஷம் எங்கள் பேக்கரியில் தேங்காய் பன் விற்பனை பாதியாகக் குறைந்தது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் திருப்பூர்க்காரர்களாக இருக்க முடியாது. இங்கே பேக்கரி என்றால் டீ, பன், பாட்டு மூன்றும் சேர்ந்ததுதான். பனியன் கம்பெனியில் ஷிப்டு முடித்து வருகிறவர் பாட்டு ஓடினால் நின்று இரண்டாவது டீ சொல்வார், கூடவே ஒரு பன்னும் எடுப்பார். பாட்டு இல்லையென்றால் முதல் டீயையே அவசரமாக வாயில் ஊற்றிக்கொண்டு போய்விடுவார்.

காது என்று நாங்கள் சொல்வது ஒரு சில்லு. அரிசி அளவுகூட இருக்காது. ஸ்பீக்கர், போன், மைக்செட் எல்லாவற்றிலும் அது இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஏதாவது மெட்டு ஓடினால் அது யாருடைய சொத்து என்று அந்தச் சில்லுக்குத் தெரிந்துவிடும். சந்தா கட்டாத இடமென்றால் ஒரு பெண்குரல் "மன்னிக்கவும்" என்று மரியாதையாகச் சொல்லும், ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும். அவிநாசியில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நுழைகிற நேரம் பார்த்து "மன்னிக்கவும்" கேட்க, மாப்பிள்ளைதான் மனசு மாறிவிட்டார் என்று நினைத்துப் பெண்ணின் அத்தை மயங்கி விழுந்தார்.

பழைய பாட்டு, புதுப் பாட்டு, பாட்டு மாதிரி இருப்பது என்று ஒன்று விடாமல் எல்லாவற்றையும் ஸ்வரசாகர் என்ற ஒரே கம்பெனி வாங்கி வைத்திருந்தது. அவர்கள் கேட்ட சந்தாவைக் கட்டினால் நான் பேக்கரி நடத்தவேண்டாம், அவர்களுக்காக ஸ்பீக்கர் நடத்தினால் போதும். எனக்குக் கோபம் வந்தால் சட்டென்று இறங்காது. "உங்க பாட்டே வேண்டாம் போங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கடையில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் சொன்ன துளசி, இனி அந்த ஈயைப் பாடச் சொல்லு" என்றார்.

ஸ்வரசாகர் ஆள் ஒருவர் மாதாமாதம் வருவார். கடைகளில் காது சரியாக வேலை செய்கிறதா, யாராவது பிடுங்கிப் போட்டுவிட்டார்களா என்று சோதிப்பது அவர் வேலை. ஜோதிலிங்கம் என்று பெயர், தாராபுரத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். கம்பெனிமேல் இருக்கிற கோபத்தில் முதல் தடவை அவருக்கு டீ கொடுக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் மனுஷர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என் ஸ்பீக்கரைத் தொடுவதற்கு முன்னால் என்னிடம் உத்தரவு கேட்டார். அப்படிப்பட்டவரிடம் எப்படி முறைப்பது?

அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் கையிலிருந்த கம்பெனி வாட்ச் 'பீப்' என்றது. என்ன என்று கேட்டேன்.

"டீக்கடை, பேக்கரின்னு உக்காந்தா இது கண்டுபுடிச்சுக்குமுங்க அம்மிணி. அந்நேரத்துக்குச் சம்பளம் கெடையாது. எந்திரிக்கறப்ப மறுக்கா ஒரு சத்தம் போடும். நடுவுல நான் கம்பெனி ஆளு இல்லீங்க."

"அப்ப யாருங்கண்ணா நீங்க?"

"வெறும் ஆளுங்க," என்று சிரித்தார். இவ்வளவு பெரிய கம்பெனி ஒரு டீ குடிக்கிற நேரத்தைக்கூடப் பிடித்துக்கொள்கிறதே என்று எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அன்றிலிருந்து அவருக்கு டம்ளர் நிறையவே டீ.

அமுதவல்லியின் பாட்டு வந்ததும் அந்தச் சமயத்தில்தான். அமுதா பக்கத்துப் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். துணியில் ஓட்டை, கறை பார்த்துப் பார்த்து எதையும் சந்தேகத்தோடு திருப்பிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு. ஒருநாள் மத்தியானம் பேய்மழை. கரண்ட் போய்விட்டது. கடையில் ஒதுங்கி நின்றவர்கள் எல்லாரும் மழையைப் பார்த்துக்கொண்டிருக்க, மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்த எரிச்சலில் அவள் பாட ஆரம்பித்தாள்.

காயப்போட்ட சேலையை
எடுத்துக் கட்டிக்கோ மழையே,
கட்டி முடிச்சு மடிச்சு வெச்சு
நாளைக்குக் குடுத்திரு மழையே.

அந்த நிமிஷத்தில் கட்டிய பாட்டு. போனில் அவளே பதிவும் பண்ணிக்கொண்டாள். பின்னால் மழை, டீ ஆற்றுகிற சத்தம், யாரோ டம்ளரைத் தட்டுகிற சத்தம் எல்லாம் விழுந்திருந்தது. அந்த டம்ளர் சத்தம்தான் பாட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தது. இரண்டு தட்டு, ஒரு தட்டு, அப்புறம் கால் தடுக்கியது போலச் சின்ன நிதானம், மறுபடி ஒரு தட்டு. கேட்டவன் தலை தானாக ஆடும்.

அதைப் பொதுப்பாட்டில் போடப்போகிறேன் என்றாள் அமுதா. எனக்கு அப்போது அது என்னவென்று தெரியாது.

"சும்மா தூக்கிக் குடுத்துட்டா உனக்கென்ன கண்ணு மிச்சம்?"

"சும்மா இல்லீங்க்கா. யாரு வேணாலும் பாடிக்கலாம், மாத்திக்கலாம், கடையில போட்டுக்கலாம். ஆனா பாட்டுல யாரு யாரு கை பட்டுதோ அவுங்க பேரு கடைசில கேக்கோணும். அவுங்கவுங்க குரல்லயே சொல்லி வெக்கோணும். மாத்துனவங்களும் இதே மாதிரி தொறந்துதான் வெக்கோணும், சாத்திப் பூட்டக்கூடாது."

"பேரை வெட்டிட்டுப் போட்டா?"

"காது உடாதுங்க்கா. பேரு இல்லீன்னா பாட்டும் நின்னுபோகும். அதுவும் சட்டந்தான்."

எங்களை ஊமையாக்கிய அதே காது, இந்தப் பெண்ணின் பெயருக்குக் காவல் நிற்கும் என்றதும் எனக்குப் பிடித்துவிட்டது.

பெயர் சேர்ப்பதில் அமுதா செக்கிங் பிரிவு புத்தியைக் காட்டினாள். டம்ளர் தட்டியது யார் என்று கேட்டுக்கொண்டு எங்கள் டீ மாஸ்டர் கருப்பசாமி அண்ணனிடம் போனாள். "நீங்க தட்டுனதுங்களா?" மாஸ்டருக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. எங்கள் பக்கம் அது ஒரு மரியாதை. "இருக்குமுங்க," என்றார். பதிவின் ஆரம்பத்திலும் கடைசியிலும் 'பீப்' என்று ஒரு சத்தம் விழுந்திருந்தது. அது என்ன என்று அடுப்படியில் கேட்டாள். "பப்ஸ் சூடு பண்ற மிஷினா இருக்கும்," என்றார் என் வீட்டுக்காரர். அவரும் எங்கள் ஊர்தானே. மிஷினுக்கு வாய் இல்லாததால் அதன் பெயரையும் அவரே சொல்லிவைத்தார்.

அப்புறம் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பாட்டு ஊர் முழுக்கப் பரவியது. ஒருவர் புல்லாங்குழல் சேர்த்தார். தையல் பிரிவில் பத்துப் பேர் சேர்ந்து மிஷின் சத்தத்தைத் தாளமாக்கினார்கள். ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் அவர்கள் பாஷையில் ஒரு சரணம் பாடினார்கள். ஒவ்வொருவரும் கடைசியில் தன் குரலில் பெயர் சொன்னார்கள். கொஞ்ச நாளில் பாட்டைவிடப் பெயர் வரிசை நீளமாகிவிட்டது. கோயில் திருவிழாவில் நன்கொடை கொடுத்தவர் பெயரை மைக்கில் வாசிக்கும்போது கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்குமே, அதே மாதிரி என் கடையில் பெயர் கேட்க நின்றார்கள். நிற்கிறவர்கள் வெறும் வாயோடு நிற்பார்களா? தேங்காய் பன் பழையபடி ஓடியது.

பேச்சியம்மாள் என்று ஒருவர் தினமும் காலையில் வருவார். விருதுநகர்ப் பக்கம். அவர் வீட்டுக்காரர் முத்துக்காளை சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர், பாட்டில் முதலில் விசில் சேர்த்தவர். போன தையில் நெஞ்சுவலியில் போய்விட்டார். பெயர் வரிசையில் மாஸ்டருக்கு அடுத்து அவர் குரல் வரும். "முத்துக்காளை, விசிலு." சொல்லிவிட்டுக் கூச்சத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டுப் பேச்சியம்மாள் டம்ளரை வைப்பார்.

"போன்ல அவுக படம் நெறைய இருக்கு. குரலு இது ஒண்ணுதான் இருக்கு," என்றார் ஒருநாள். எனக்கு அன்றைக்குக் கல்லாவில் சில்லறை எண்ண முடியவில்லை.

ஊரில் பேக்கரிகள் ஒவ்வொன்றாக ஸ்வரசாகர் சந்தாவை நிறுத்தின. கம்பெனிக்குக் கடுப்பு வராமல் இருக்குமா? ஒருநாள் ஜோதிலிங்கம் அண்ணன் வந்தார். உட்காரவில்லை. டீயும் வேண்டாம் என்றார். அமுதாவைக் கூப்பிடச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் நல்லதில்லை என்று தெரிந்துவிட்டது.

"உங்க பாட்டுல டம்ளர் தட்டுனது மாஸ்டர் இல்லைன்னு கம்பெனி கண்டுபுடிச்சிருச்சுங்க," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

"அதெப்படிச் சொல்றீங்க?" என்றேன்.

"டம்ளர் சத்தம் வர்றப்பவே டீ ஆத்துற சத்தமும் வருதுங்க. ஆத்துறதுக்கு ரெண்டு கையும் வேணும். மாஸ்டருக்கு மூணாவது கை இருந்தா உண்டு."

மாஸ்டர் தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். 'தாளம்: கருப்பசாமி' என்று விசிட்டிங் கார்டு அடித்து ஊரெல்லாம் கொடுத்திருந்தார் பாவம்.

"தப்பான பேரு சொன்னா பொதுப்பாட்டு உரிமம் நிக்காதுங்களே," என்றாள் அமுதா.

"ஆமாங்க. வெள்ளிக்கிழமை கோயமுத்தூர்ல பாட்டுப் பதிவாளர் முன்னாடி விசாரணை. அதுக்குள்ள தட்டுன ஆளு வந்து, என் பங்கையும் தொறந்து வெக்கறேன்னு சொன்னாத் தப்பிக்கலாம். வரலீன்னா பொதுப்பதிவு போயிரும். அப்புறம் மொதல்ல வரிசையில நிக்கறவங்களுக்குப் பாட்டு. கம்பெனி இப்பவே நிக்குதுங்க. அதுவரைக்கும் பாட்டு நிறுத்திவைப்பு."

"அப்ப என் பாட்டை நானே பாட..."

"அனுமதி வாங்கோணும்," என்றார். "எனக்கு அது தெரியுமுங்க. சின்ன வயசுல கச்சேரிக் குழுவுல ரிதம் பேடு வாசிச்சேன். நான் போட்ட தாளம் அத்தனையும் ஸ்வரசாகர் வாங்கிக்கிச்சு. எம்பொண்ணு கல்யாணத்துல ஆசைக்கு ஒருக்கா மைக்ல தட்டுனேன், மன்னிக்கவும்னுட்டாங்க," என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

தட்டிய ஆளைத் தேடுகிறோம் என்று சொன்னதுதான் தாமதம், அடுத்த நாள் கடை வாசலில் வரிசை. ஊரே அந்த மழைக்கு என் கடையில்தான் ஒதுங்கியிருந்ததாம். என் கடையில் பத்துப் பேர் நின்றாலே பதினோராவது ஆள் ரோட்டில் நிற்கவேண்டும். ஒவ்வொருவர் கையிலும் டம்ளரைக் கொடுத்துத் தட்டச் சொன்னேன். ஒரு மில் முதலாளி கார் டிரைவரோடு வந்து, டிரைவரைத் தட்டச் சொல்லிவிட்டு, "எங்க சார்பா இவரு தட்டுனாருங்க," என்றார். ஒரு கல்லூரிப் பெண், அன்றைக்குத் தன் வயசு எத்தனை என்று கணக்குப் போட்டுப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் இருந்திருப்போம் என்று அவளே ஒப்புக்கொண்டாள். யாருக்கும் அந்த நிதானம் வரவில்லை. தாளம் தெரிந்தவர்கள் சரியாகத் தட்டினார்கள், அதுதான் தப்பு. டம்ளர் மட்டும் ஆறு உடைந்தது.

பேச்சியம்மாள் தினம் வந்துகொண்டுதான் இருந்தார். பாட்டு ஓடாது என்று தெரிந்தும் அதே நேரத்துக்கு வந்து, அதே பெஞ்சில் உட்கார்ந்து, டீயைக் குடித்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டே இருந்தது. அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

வியாழக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. ஜோதிலிங்கம் அண்ணன் நனைந்துகொண்டு ஓடிவந்தார். நிறுத்திவைத்த பாட்டை யாராவது போடுகிறார்களா என்று பார்க்கச் சொல்லி அவரை அனுப்பியிருந்தார்கள். உட்கார்ந்தார், வாட்ச் சத்தம் போட்டது, மாஸ்டர் முறைத்துக்கொண்டே டீ வைத்தார். கடையில் வேறு ஆள் இல்லை. நான் கல்லாவில் தலையைச் சாய்த்துக்கொண்டு மழையைக் கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் என் தலை ஆடிக்கொண்டிருந்தது. எதற்கு ஆடுகிறது என்று எனக்கே புரியவில்லை. பாட்டுத்தான் நின்றுபோய்விட்டதே. நிமிர்ந்து பார்த்தேன். ஜோதிலிங்கம் அண்ணன் மழையைப் பார்த்தபடி, வலது கை மோதிரத்தால் டம்ளரைத் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தட்டு, ஒரு தட்டு, மோதிர விரல் பாதி மடங்கி நின்று ஒரு நிதானம், மறுபடி ஒரு தட்டு.

இத்தனை நாள் பாட்டு ஓடும்போதெல்லாம் அவர் அந்தக் கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. திருப்பூர் வெயிலில் என்ன குளிரோ என்று நான் நினைத்திருந்தேன்.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். கை நின்றது.

"விரலு மடங்காதுங்களா?" என்றேன்.

"பேடு ஸ்டாண்டு மேல உழுந்து ஒடிஞ்சதுங்க. அதுல இருந்து அப்படித்தான்."

"அந்த மழையில ஒதுங்குனவங்கள்ல நீங்களும் ஒருத்தரு."

"உங்க ஸ்பீக்கர் காதைச் சோதிக்க வந்தனுங்க அன்னைக்கு."

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சுக்கிட்டே கம்முனு இருந்தீங்களா? ஊரையே வரிசையில நிக்க வெச்சு டம்ளர் ஒடைச்சுட்டு இருக்கறேன், நீங்க இங்க உக்காந்து டீ குடிக்கறீங்க. அந்த அம்மா தெனமும் வந்து ஊமை ஸ்பீக்கரைப் பாத்துட்டுப் போகுது. உங்களுக்கு மனசு இருக்குதுங்களா?"

அவர் டம்ளரைத் தள்ளி வைத்தார். "மனசு இருக்கறதுனாலதான் அம்மிணி சொல்லலை. வேலைக்குச் சேர்றப்ப எழுதிக் குடுத்திருக்கேன், வேலை நேரத்துல என் கையில இருந்து வர்ற சத்தம் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்னு. நாந்தான் தட்டுனேன்னு வாயைத் தொறந்தா அந்த நிமிசமே அந்தத் தாளம் அவங்களுது. தாளம் போனாப் பாட்டும் போச்சு. ஆளே கெடைக்கலீன்னாலாவது பதிவாளர் மனசு எளகி இன்னும் கொஞ்ச நாள் குடுப்பாங்கன்னு நெனச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஊரே பேரு சொல்லுது. என் பேரு மட்டும் எந்தப் பாட்டுலயும் வந்ததில்லீங்க. ஆசை இல்லாமயா இருக்கும்?"

என் கோபம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பழக்கதோஷத்தில், "இன்னொரு டீ குடிக்கறீங்களாண்ணா?" என்றேன்.

"வேண்டாமுங்க. போகோணும்," என்று எழுந்தார். வாட்ச் 'பீப்' என்றது.

அந்தச் சத்தத்தை நான் ஆயிரம் முறை கேட்டிருப்பேன். அவர் வரும்போது கேட்டது கொஞ்சம்தான். மிச்சம் எல்லாம் பாட்டில் கேட்டது.

"உக்காருங்க," என்றேன். உட்கார்ந்தார். பீப். "எந்திரிங்க." பீப். மாஸ்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்துக் கத்தினேன். "ஏனுங்க, நம்ம பப்ஸ் மிஷினு எப்படிச் சத்தம் போடும்?"

"அது எங்க சத்தம் போடுது? மணி அடிக்கறது கெட்டு மூணு வருசமாச்சு," என்றது அடுப்படி. அதுவுமில்லாமல் அன்றைக்குக் கரண்டே இல்லை. கரண்ட் இல்லாமல் எந்த மிஷின் பப்ஸ் சூடு பண்ணும்?

"அண்ணா," என்றேன். "டீ குடிக்கறப்ப நீங்க யாரு?"

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "வெறும் ஆளுங்க," என்றார்.

வெள்ளிக்கிழமை கோயமுத்தூருக்கு நாங்கள் ஒரு வேன் நிறையப் போனோம். பேச்சியம்மாளையும் கூட்டிக்கொண்டோம். கம்பெனி வக்கீல் கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். தன் கம்பெனி ஆள் எங்கள் வேனிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. ஆனால், நான்தான் தட்டினேன் என்று ஜோதிலிங்கம் அண்ணன் சொன்னவுடன் பிரகாசமாகிவிட்டது.

"நல்லதாப் போச்சுங்கம்மா," என்றார் பதிவாளரிடம். "எங்க ஊழியர். எங்க வேலையா அந்தக் கடைக்குப் போனவர். தாளம் எங்களுது."

பதிவாளரம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். அமுதா எழுந்து, பாட்டை ஆரம்பத்திலிருந்து போடச் சொன்னாள். பீப். மழை. டம்ளர். பாட்டு முழுக்க ஓடி முடிந்தது. டம்ளர் நின்றது. பீப். பிறகு ஜோதிலிங்கம் அண்ணன் வராந்தா ஓரத்து டீக்கடையில் போய் உட்கார்ந்தார், எழுந்தார். ஜன்னல் வழியாக எல்லாருக்கும் அதே சத்தம் கேட்டது.

"அது என்ன சத்தம்?" என்று கேட்டார் பதிவாளர்.

"எங்க சம்பளம் நிக்கற சத்தமுங்கம்மா," என்றார் உள்ளே வந்த ஜோதிலிங்கம் அண்ணன். "ரெண்டாவது, மறுக்கா ஆரம்பிக்கற சத்தம்."

பதிவாளர் வக்கீல் பக்கம் திரும்பினார். "டீ குடிக்கற நேரம் உங்க வேலை நேரமா, இல்லையா?"

வக்கீல் வாயைத் திறந்தார். ஆமாம் என்றால், ஸ்வரசாகரில் வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் இத்தனை வருஷம் குடித்த ஒவ்வொரு டீக்கும் சம்பளம் பாக்கி. இல்லை என்றால் பாட்டு போச்சு. திறந்த வாயை மூடிக்கொண்டு, ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். நெடுநேரம் பேசினார். திரும்பி வந்தவர் யாரையும் பார்க்காமல், "அது எங்க நேரம் இல்லீங்கம்மா," என்றார்.

பேச்சியம்மாள் என் கையைப் பிடித்து அழுத்தினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, இரண்டையும் மறைக்கவில்லை.

அன்று சாயங்காலமே கடையில் பெயர் வரிசையைத் திருத்த உட்கார்ந்தோம். மாஸ்டர் பெரிய மனசு பண்ணி, "டீ: கருப்பசாமி" என்று புதிதாகச் சொல்லிக் கொடுத்தார். விசிட்டிங் கார்டையும் அப்படியே மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். பிறகு ஜோதிலிங்கம் அண்ணன் போனைக் கையில் வாங்கினார். தொண்டையைச் செருமினார். வேலைக்குப் போகிற கடையிலெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அதுவாகத் திறந்தது.

"ஸ்வரசாகர் நிறுவனம்ங்க," என்றது.

அவர் முகம் விழுந்துவிட்டது. "அழிச்சிருங்க அம்மிணி, மறுக்கா சொல்றேன்."

"அழிக்க வேண்டாமுங்கண்ணா," என்றாள் அமுதா. ஓட்டை பார்க்கிற கண் அவளுக்கு. "அந்த பீப் யாரோட சத்தம்? அவுங்க வாட்ச்சு. அவுங்க சத்தம் பாட்டுல இருக்கறப்ப பேரு சொல்லாம உட்டா மறுக்கா தப்பாப் போயிரும். இது அதுக்கு இருக்கட்டும். இப்ப உங்க பேரு சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "தாராபுரம் ஜோதிலிங்கம். தாளம்."

பப்ஸ் மிஷின் பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்வரசாகரைச் சேர்த்தோம். கை பட்டவர் எல்லாரும் திறந்துதான் வைக்கவேண்டும் என்பது உரிமத்தில் இருக்கிறது. ஆகவே அந்தப் பாட்டை இனி அவர்கள் நினைத்தாலும் பூட்ட முடியாது. பெயரை எடுத்துவிடும்படி கம்பெனி இரண்டு முறை கேட்டுப் பார்த்தது. எடுத்தால் காது பாட்டை விடாது என்று அமுதா மரியாதையாகப் பதில் சொன்னாள். பதிலை "மன்னிக்கவும்" என்று ஆரம்பிக்கச் சொன்னது நான்தான்.

ஜோதிலிங்கம் அண்ணன் அந்த வாரமே வேலையை விட்டுவிட்டார். இப்போது பனியன் கம்பெனிப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பாட்டுக் குழு நடத்துகிறார், எல்லாம் பொதுப்பாட்டு. வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் காலை கடைக்கு வந்தார். பேச்சியம்மாள் வழக்கமான பெஞ்சில் இருந்தார். இவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்தச் சத்தமும் வரவில்லை. ஒரு நொடி அவரே காத்திருந்துவிட்டு மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

பாட்டு ஓடி முடிந்தது. பெயர்கள் ஆரம்பித்தன. "அமுதவல்லி, பாட்டு." "ஸ்வரசாகர் நிறுவனம்ங்க." வழக்கம்போலக் கடை சிரித்தது. "தாராபுரம் ஜோதிலிங்கம். தாளம்." "டீ: கருப்பசாமி." அதற்கு அடுத்து, "முத்துக்காளை, விசிலு," அப்புறம் அந்தச் சின்னச் சிரிப்பு.

பேச்சியம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். பக்கத்தில் திரும்பி, "உங்க பேருக்கப்புறம் வர்றது மாஸ்டரு பேரு. அதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரக," என்றார். "நல்ல இடம்தேன்."

"ஆமாங்க," என்றார் ஜோதிலிங்கம் அண்ணன். பெயர்கள் ஓடிக்கொண்டே இருந்தன, தையல் பிரிவு, புல்லாங்குழல், ஒடிசாப் பையன்கள். ஷிப்டுக்குப் போகிற கூட்டம் ஒவ்வொருவராக அவரவர் பெயர் வந்ததும் கிளம்பியது.

"டீ ஆறிப்போச்சுங்கண்ணா, வேற போடச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லுங்க அம்மிணி," என்றார். "எல்லாரு பேரும் முடியட்டும். நான் இருந்துட்டே போறனுங்க."